ஏழாம் எண் யாருடைய அம்மா

என் மாமியாரை நான் உயிரோடு பார்த்ததில்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு இருபத்துநாலு வருஷம் முன்பே, என் கணவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே, நிமோனியா வந்து செத்துப்போனவள். புத்தர் மாடத்துக்கு மேலே நிலைச்சட்டத்தில், குடும்ப முத்திரை போட்ட கறுப்புக் கிமோனோவில் படமாகத் தொங்குகிறாள். நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் வடிக்கிற முதல் சோறும் முதல் தேநீரும் அவளுக்குத்தான். வைத்து, மணியடித்து, கும்பிட்டுவிட்டு, அன்றைக்கு யார் மேல் ஆத்திரமோ அதையும் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எதிர்த்துப் பேசாத மாமியார் யாருக்குக் கிடைக்கும்? அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் என்மேல் பொறாமை.

அவளுக்கு வேறு போட்டோவே கிடையாது. என் கணவர் எய்சாகுவுக்கு அம்மா என்றால் அந்த ஒரு முகம்தான். மடியில் கிடந்ததோ சாப்பிட்டதோ எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. வீட்டில் தீப்பிடித்தால் எதை முதலில் தூக்குவீர்கள் என்று ஒரு தடவை விளையாட்டாகக் கேட்டேன். "மேல தொங்குதே, அதை" என்றார். என்னைத் தூக்குவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டு எதற்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் ஊரான தோரிசேவில் மொரோஸுமி ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. இரண்டு வருஷம் முன்பு அதை இடித்தபோது, பின்கட்டில் நாலாயிரத்துச் சொச்சம் கண்ணாடி நெகட்டிவ் தகடுகள் கிடைத்தன. எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்தான். மீன் கடை, பொதுக் குளியல் வாசலில் சோப்புப் பெட்டியோடு நிற்கிறவர்கள், வெள்ளத்தில் படகில் போன தபால்காரர், கூரைப் பனியைத் தள்ளுகிறவர்கள், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. நகரசபை அதில் நூறு படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு இரண்டாம் மாடி ஹாலில் மாட்டியது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதே படத்தைக் கோடுகளாக வரைந்து, தலைக்குத் தலை எண் போட்டிருந்தார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் மஞ்சள் சீட்டில் எண்ணையும் பெயரையும் எழுதி ஒட்ட வேண்டும்.

ஊரே திரண்டு போனது. எழுபதைத் தாண்டிய மனிதர்கள் படத்துக்கு முன்னால் நின்று முட்டிக்கொண்டார்கள்.

"இது எங்கப்பா."

"உங்கப்பாவுக்கு ஏதுய்யா இவ்ளோ முடி?"

"அப்ப இருந்துச்சு."

"அது எங்க சித்தப்பா. காதைப் பாரு, எங்க வீட்டுக் காது."

நானும் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். திரும்பினால் எய்சாகு பக்கத்தில் இல்லை. ஹாலின் கோடியில் ஒரு படத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

பட்டு நூற்பு ஆலையின் முற்றம். 1951 இலையுதிர்காலம் என்று கீழே இருந்தது. தலையில் வெள்ளைத் துணி கட்டிய இருபத்துமூன்று பெண்கள், இரண்டு வரிசை. முன் வரிசையில் ஏழாவதாக நிற்கிறாள் என் மாமியார்.

முத்திரைக் கிமோனோவோடு மட்டுமே பார்த்த முகம், இங்கே ஏப்ரன் கட்டி, ஈரக் கையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். என் பேத்தி வயது என்று சொல்லலாம். இவளிடமா நான் நாற்பது வருஷம் மூக்கைச் சிந்தினேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"உங்க அம்மாங்க" என்றேன். "எழுதி ஒட்டுங்க."

அவர் கீழே எண்கள் போட்ட தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. நடுங்கின கையெழுத்து. 'ஏழு: நான்தான். கிவா.'

கிவாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எண்பத்தைந்து வயது. புறவழிச் சாலைக்காகப் பழைய வீடு போய், பன்னிரண்டு வருஷம் முன்பு எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள். வந்த நாள் முதல் தெருமுனையில் குப்பை வைக்கிற இடத்துக்கு அவள்தான் ராணி. காலை ஆறு மணிக்கே வந்து நின்றுவிடுவாள். எரிக்கிற குப்பையையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனிப் பையில் வைக்க வேண்டும்; எரிக்கிற பையில் ஒரே ஒரு பாட்டில் மூடி கிடந்தால் போதும், மோப்பம் பிடித்து, பையைத் தூக்கி வந்து நம் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். என் பை மட்டும் பதினோரு தடவை திரும்பி வந்திருக்கிறது. மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் கொட்டிய ஆத்திரத்தில் பாதி இந்தக் கிவாவைப் பற்றித்தான்.

"கிழவிக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு" என்று சொல்லி அந்தச் சீட்டைப் பிய்க்கப் போனேன். எய்சாகு என் கையைப் பிடித்தார்.

"விடு. இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்? உங்க அம்மாவைத் தன்னோட முகம்னு எழுதி வச்சிருக்கு."

அவர் ஒரு சீட்டை எடுத்து, 'ஏழு: என் அம்மா. குரியாமா ஹத்சுனோ' என்று நிதானமாக எழுதி, கிவாவின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினவர், எதிலும் அவசரமே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவர் காது சிவந்திருந்தது. அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

ஒரே தலைக்கு இரண்டு பெயர் விழுந்தால் நகரசபை சும்மா விடுமா? இந்தப் படங்களைப் பார்த்துக்கொள்கிற அரிகா என்கிற பெண் எங்களுக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் மூலக் கண்ணாடித் தகட்டையே காட்டுகிறேன், கிவாசானையும் கூப்பிட்டிருக்கிறேன், வரும்போது மாடத்துப் படத்தை எடுத்து வாருங்கள் என்றாள். மாமியாரை நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே இறக்கி, துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். அன்றைக்கு அந்தக் கிழவியின் மூக்கை உடைப்பது என்று ஒரே தீர்மானத்தில் இருந்தேன்.

அரிகா விளக்குப் பெட்டிமேல் தகட்டை வைத்தாள். ஏழாம் தலையைச் சுற்றி மட்டும் சிவப்பு மையால் கோடு பூசியிருந்தது.

"இது அந்தக் கால ஸ்டுடியோ வழக்கம்" என்றாள் அரிகா. "இறந்தவங்களுக்குத் தனிப் படம் இல்லேன்னா, கும்பல் படத்திலேர்ந்து தலையை மட்டும் எடுத்து, முத்திரைக் கிமோனோ உடம்புல ஒட்டி, தூரிகையால சரிபண்ணிக் குடுப்பாங்க. உங்க படம் இந்த ஏழாம் தலையிலேர்ந்துதான் எடுத்திருக்கு. சந்தேகமே இல்ல."

"அப்புறம் என்ன?" என்றேன் நான். "எங்க மாமியார் படம் ஏழாம் தலை. ஏழாம் தலை எங்க மாமியார். முடிஞ்சது கதை."

அப்போதுதான் கிவா உள்ளே வந்தாள். கைத்தடி, சாம்பல் கோட்டு. என்னைப் பார்த்து வழக்கம்போல உதட்டைச் சுழித்தாள். அடுத்து எய்சாகுவைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த மாடத்துப் படத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"கிவாசான், உக்காருங்க" என்றாள் அரிகா. "ஏழாம் எண் நீங்கதான்னு எழுதியிருந்தீங்களே..."

"தப்பா எழுதிட்டேன்" என்றாள் கிவா.

"என்னது?"

"வயசாயிருச்சும்மா. கண்ணும் சரியில்ல. அது நானில்ல. இவரோட அம்மாதான் அது. ஹத்சுனோசான். எனக்கு நல்லாத் தெரியும், ஒரே ஆலையில வேலை பாத்தோம்." எய்சாகுவின் முகத்தைப் பார்க்காமல் இடுப்பு வளைய வணக்கம் சொன்னாள். "மன்னிச்சுக்குங்க."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கைத்தடியைத் தட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஜெயித்த சந்தோஷம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழப்பம்தான் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிழவியை எனக்குத் தெரியும். தயிர் டப்பா எரிக்கிற குப்பையா பிளாஸ்டிக்கா என்று நகரசபையோடு ஏழு மாதம் கடிதம் போட்டுச் சண்டை பிடித்தவள். தப்பு என்னுடையது என்று அவள் வாயிலிருந்து ஒரு தடவை வந்து நான் கேட்டதில்லை. என் கணவரைப் பார்த்ததும் அது வந்து விழுகிறதென்றால் எங்கேயோ இடிக்கிறது.

அரிகா உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள். மாமியாரைக் கிட்டத்தில் பார்க்கலாமே என்று ஏழாம் தலைமேல் வைத்துப் பார்த்தேன். தகட்டில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரிந்தது, முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மெல்ல மெல்லப் புருவம் தெரிந்தது. இடது புருவம் பாதியோடு நின்றுபோயிருந்தது. திரும்பி மேசைமேல் இருந்த மாடத்துப் படத்தைப் பார்த்தேன். அதில் புருவம் முழுசாக இருந்தது, தூரிகையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

பாதிப் புருவத்தை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். கிவா வெளியே போகும்போது புருவத்துக்கு மை தீட்டிக்கொள்வாள். காலை ஆறு மணிக்குக் குப்பை இடத்தில் மை தீட்டாமல் வருவாள். இடது புருவம் பாதிதான் இருக்கும்.

நாற்பது வருஷமாக முதல் சோறு வைத்தது இந்தக் கிழவிக்கா? கிவாவைப் பற்றிக் கிவாவிடமே உட்கார்ந்து கோள் சொல்லியிருக்கிறேனா? சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எய்சாகுவைப் பார்த்தேன். அவர் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்கு சோபா நூடுல்ஸ் வைத்தேன். அவர் தொடவில்லை. இவரிடம் புருவத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மா முகத்தை அவரிடமிருந்து பிடுங்குகிற வேலை அல்லவா. அதற்குள் அவரே பேசினார்.

"அது கிவாசான் முகம்தான்."

என் கையிலிருந்து சாப்பாட்டுக் குச்சி நழுவியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வயசிலேர்ந்து தெரியும். மீன் கடையில ஒரு நாள் பாத்தேன். மாடத்துல இருக்கிற அதே முகம், கையில கானாங்கெளுத்தியோட நிக்குது. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாகிட்ட சொன்னேன். அப்பா என்னை அறைஞ்சார். என் வாழ்நாள்லயே அந்த ஒரு தடவைதான் அறைஞ்சார். அதுக்கப்புறம் நான் வாயத் திறக்கல."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன, எங்கம்மா சாகல. எங்களை விட்டுட்டு வேற வீட்டுக்குப் போயிட்டாங்க. அவமானம் தாங்காம, அவங்க செத்துட்டதாச் சொல்லி அப்பா படத்தை மாட்டிட்டார்."

"என்னங்க, கல்லறை இருக்கே, வருஷா வருஷம் கழுவுறோமே..."

"கல்லுல என்ன வேணா செதுக்கலாம்."

அவர் குரல் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரல் மாதிரி சமமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என் பஸ்லதான் போவாங்க. பதினெட்டு வருஷம். நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவேன். முன் கதவுல இறங்கும்போது எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி என்கிட்டயும் நன்றின்னு சொல்வாங்க. ஒரு தடவையாவது பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களான்னு பாப்பேன். படத்துல சீட்டைப் பாத்ததும் சரி, இப்ப கேட்டுடலாம்னுதான் நானும் எழுதினேன். இன்னிக்கு பதில் சொல்லிட்டாங்க."

"என்ன பதில்? தப்பா எழுதிட்டேன்னுதானே சொன்னா?"

"முதல்ல 'ஏழு நான்தான்'னு எழுதினாங்க. இன்னிக்கு 'ஏழு இவரோட அம்மா'ன்னாங்க. ரெண்டையும் சேத்துப் பாரு, மசுயோ."

சேர்த்துப் பார்த்தேன். அப்படியென்றால் பதினோரு தடவை என் குப்பைப் பையைத் திருப்பி வைத்தது என் மாமியாரா? இறந்துபோன மாமியாரும் நான்தான், உயிரோடிருக்கிற மாமியாரும் நான்தான் என்று கிவா இரண்டு பக்கமும் நின்று என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் அதைவிட எய்சாகுவைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் தன் அம்மா தன்னை வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனாள் என்று நினைத்துக்கொண்டே தினமும் அந்தப் படத்துக்குக் கும்பிடு போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பெரிய கெட்டிக்காரி என்று இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எரிக்கிற குப்பை எடுக்கிற நாள். ஆறு மணிக்கு முன்பே போய் நின்றேன். கிவா வந்தாள், புருவத்தில் மை இல்லை.

"அதிசயமா இருக்கு" என்றாள். "உன் பையில இன்னிக்கு என்ன ஒளிச்சு வச்சிருக்க?"

"கிவாசான், நீங்க என் வீட்டுக்காரருக்கு அம்மாவா?"

கிவா கைத்தடியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு என்னைத் திட்டத் தொடங்கினாள். "உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? எனக்குக் கல்யாணமானதே இருபத்திரெண்டு வயசுல. என் வயித்துல பிறந்தது ஒரே ஒரு பொண்ணு, நாகோயால இருக்கா. யாரு சொன்னது இப்படி?"

"அவர்தான் நினைச்சுக்கிட்டிருக்கார். பதினோரு வயசிலேர்ந்து."

அவள் திட்டுவதை நிறுத்தினாள். குப்பை இடத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தாள். காகம் ஒன்று பையைக் கொத்தியது, அதைக்கூட அவள் விரட்டவில்லை.

அங்கே உட்கார்ந்துதான் சொன்னாள். ஆலையில் என் மாமியாரும் அவளும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டி. கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூட்டைப் போட்டு நூல் பிடிக்கிற வேலை. தண்ணீர் தெறித்துத்தான் கிவாவின் புருவம் போனது. மாமியார் செத்த குளிர்காலத்தில், என் மாமனார் தோமெகிச்சி பனியில் நனைந்துகொண்டு ஆலை விடுதி வாசலில் வந்து நின்றாராம். கையில் அந்தப் படம். ஹத்சுனோவுக்கு இருப்பது இந்த ஒரே படம்தான், இதிலும் அவள் அசைந்துவிட்டதால் முகம் கலங்கிப்போயிருக்கிறது, இல்லாத முகத்தை எங்கிருந்து வெட்டுவது என்று மொரோஸுமி கையை விரித்துவிட்டார் என்றாராம்.

"அப்புறம் உங்க மாமனார் தலை குனிஞ்சு கேட்டார். பையனுக்கு ரெண்டு வயசு, அம்மா எங்கேன்னு கேட்டா மேல கையக் காட்ட ஒரு முகம் வேணும், பக்கத்துல நின்னவ நீ, உன் முகத்தைக் குடும்மான்னார். எனக்கு அப்பதான் கல்யாணம் பேசியிருந்தாங்க. உயிரோட இருக்கிறவ முகத்தைச் செத்தவ படமா மாட்டினா ஆயுசு போயிரும்னு எல்லாரும் பயப்படுற காலம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்."

"ஏன் குடுத்தீங்க?"

"பக்கத்துத் தொட்டிக்காரி. அவளுக்கு நான் வேற என்ன குடுக்கறது?"

ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டேன். மொரோஸுமி தூரிகை வைத்தால் ஊரில் செத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே ஜாடைதான் என்றாள். தெரிந்த ஒன்றிரண்டு பேர் தோமெகிச்சியின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டார்கள். கிவா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: இதை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது, தானும் அந்த வீட்டு வாசப்படி ஏற மாட்டேன். அதனால்தான் குப்பைப் பையைக்கூட வாசலோடு வைத்துவிட்டுப் போனாளாம்.

"அப்புறம் எதுக்குச் சீட்டுல உங்க பேரை எழுதினீங்க?"

"பத்தொன்பது வயசுல என் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு. திடீர்னு பாத்ததும் கை எழுதிருச்சு." மூக்கை உறிஞ்சினாள். "உன் புருஷனைப் பாத்ததும்தான் சுரீர்னுச்சு. அவசரத்துல ஒரு பொய்ய சொன்னேன். அது போயி இப்படி விடியும்னு எனக்கென்ன தெரியும்."

"நேர்ல வந்து சொல்லுங்க."

"உங்க வீட்டுக்கு வர மாட்டேன். வாக்கு குடுத்திருக்கேன்."

"வீட்டுக்கு வேணாம். நகரசபைக்கு வாங்க."

அன்றைக்கே போனோம். எய்சாகு சுத்தமாகச் சவரம் செய்து, பஸ் ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் எதை எதிர்பார்த்து வந்தார் என்று எனக்குத் தெரியும். வழியிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. என்னைப்போல வாயாடி இந்த ஊரில் கிடையாது, ஆனாலும் முடியவில்லை.

ஆலைப் படத்துக்கு முன்னால் கிவா தனியாக நின்றுகொண்டிருந்தாள். மை தீட்டாமல் வந்திருந்தாள். எய்சாகு அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றார். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள்.

"எய்சாகு" என்றாள் கிவா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் தோள் ஒரு தரம் குலுங்கியது. "நான் உன் அம்மா இல்ல. உங்கம்மா செத்துட்டா. பிப்ரவரி மாசம். பனியில தூக்கிட்டுப் போனாங்க, நானும் பின்னாலயே போனேன். அவ உன்னை விட்டுட்டு எங்கயும் போகல."

அவர் ஏழாம் எண்ணைக் கையால் காட்டினார்.

"அப்ப இந்த முகம்?"

"என்னது. உங்கப்பா கேட்டார், குடுத்தேன்."

கிவா கைத்தடியைத் தூக்கி எட்டாம் எண்ணைத் தொட்டாள். நாங்கள் ஒருவரும் அதுவரை எட்டாம் எண்ணைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. தலையில் வெள்ளைத் துணி. அதற்குக் கீழே, நனைந்த காகிதத்தில் மை பரவினாற்போல ஒரு கலங்கல். ஒரு காது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. ஈர ஏப்ரனும் இரண்டு கையும் தெளிவாக இருந்தன.

"இவதான் ஹத்சுனோ."

எய்சாகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கிட்டே போனார், எட்டிப் போனார். அந்தக் கலங்கல் எங்கிருந்து பார்த்தாலும் முகமாக மாறவில்லை.

"இவங்க முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

கிவா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் அந்த முகத்தைப் பார்த்தவர்களில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். ஏதாவது சொல்லித் தொலையேன் கிழவி, பெரிய கண் என்றாவது உருண்டை முகம் என்றாவது சொல்லேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"மறந்துபோச்சு" என்றாள். "நானும் ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். வரல. பொய் சொல்லலாம். ஒரு பொய்யே போதும்."

அவர் தலையாட்டினார். "ஏன் அசைஞ்சாங்க?"

"பால்குடிப் பிள்ளைங்களை மூணு மணிக்கு வீட்லேர்ந்து தூக்கிட்டு வருவாங்க. உன்னை உங்க அத்தை தூக்கிட்டு வந்திருந்தா. போட்டோ எடுக்கிற நேரமாப் பாத்து நீ கத்துன."

"என்னாலதான்" என்றார் எய்சாகு. "என்னாலதான் முகம் போச்சு."

இல்லை இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். கிவா என்னை முந்திக்கொண்டாள்.

"ஆமா. உன்னாலதான். அன்னிக்கு வாசல்ல நாலு பிள்ளைங்க அழுதுச்சு. நாலு பேரோட அம்மாவும் இந்த வரிசையில நிக்கிறாங்க. யாரும் அசையக் கூடாதுன்னு மேஸ்திரி கத்திக்கிட்டிருந்தார், எங்களுக்கெல்லாம் அவர்னா நடுக்கம். மூணு பேரு அசையல. பாரு, அவங்க முகமெல்லாம் நல்லாத்தான் விழுந்திருக்கு. இவ ஒருத்தி திரும்பிட்டா."

எய்சாகு இருபத்துமூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஸ் ஓட்டுநர் ஆட்களை எண்ணுவதுபோல உதடு அசைந்தது.

"எந்தப் பக்கம் திரும்பினாங்க?"

கிவா கைத்தடியால் படத்தின் இடது ஓரத்துக்கு வெளியே, வெறும் சுவரைக் காட்டினாள். அந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒரு தீயணைப்பு உருளை மாட்டியிருந்தது.

"ஆலை வாசல் அங்க இருந்துச்சு."

அவர் போய் உருளைக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டி நின்றார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

தள்ளி நின்றார்.

"அங்கதான்" என்றாள் கிவா.

அறுபத்தாறு வயது மனிதர், கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை, கிவாவையும் பார்க்கவில்லை. ஹாலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு ஆள் வந்து, கொஞ்சம் நகரச் சொல்லுங்கம்மா, மீன் கடைப் படத்தைப் பாக்கணும், மறைக்கிறார் என்றார்.

"அவர் நகர மாட்டார்" என்றேன். "அப்புறமா வாங்க."